தொங்கும் பாதத்துக்கு எந்த ஸ்பிளின்ட்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 62 வயது. 4 மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது கைத்தடி ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறார். ஆனால் இடது பாதம் தொங்கி நிலைப்படியில் தட்டுகிறது, இரண்டு முறை விழப் பார்த்தார். பிசியோதெரபிஸ்ட் ‘ஏ.எஃப்.ஓ. ஒன்று வாங்கிவிடுங்கள்’ என்றார், அதாவது கணுக்காலையும் பாதத்தையும் சேர்த்துத் தாங்கும் ஸ்பிளின்ட். மருந்துக் கடையில் எஸ், எம், எல் என்று சைஸ் போட்ட பிளாஸ்டிக் ஒன்று 1,200 ரூபாய். ஒரு மையத்தில் அளவெடுத்துச் செய்ய 6,500 கேட்கிறார்கள். இணையத்தில் கார்பன் ஃபைபர் ஒன்று 38,000. எதை வாங்குவது? இதைப் போட்டுப் பழகினால் கால் சோம்பேறியாகிவிடாதா? இவ்வளவுதானே.

நான் பி.பி.ஓ. (செயற்கை உறுப்புகளும் தாங்கு கருவிகளும் செய்வதற்கான பட்டப்படிப்பு) படித்துவிட்டு 19 வருடமாகச் செயற்கைக் காலும் காலிப்பரும் ஸ்பிளின்டும் செய்கிற ஆள். மருத்துவர் இல்லை. அப்பாவின் காலை நான் தொட்டுப் பார்க்கவும் இல்லை. தொடாமலே ‘இதை வாங்குங்கள்’ என்று சொல்பவரை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான். நீங்கள் மூன்று விலைகளை வரிசையாக வைத்துப் பார்க்கிறீர்கள். எங்கள் பட்டறையில் விலைப் பேச்சு கடைசியில்தான் வரும். அதற்கு முன் அரை மணி நேரமாவது அந்தக் காலோடு உட்கார்ந்திருப்போம். அந்த அரை மணியில் என்ன பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டால் பாதிப் பதில் உங்களுக்கே கிடைத்துவிடும்.

பாதம் தொங்குவதில் இரண்டு ரகம் உண்டு. முழங்காலுக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே தடவினால் ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு அடியிலேயே, பாதத்தைத் தூக்கும் நரம்பு ஓடுகிறது. அங்கே அடிபட்டாலோ, மாவுக்கட்டு அழுத்தினாலோ, நெடுநேரம் குந்தியே வேலை செய்தாலோ, தொழுநோயில் அந்த நரம்பு வீங்கினாலோ பாதம் தொங்கிவிடும். முதுகுத்தண்டில் அந்த நரம்பின் வேர் அழுந்தினாலும் அதேதான். இந்த ரகப் பாதம் நனைந்த துணி மாதிரி இருக்கும். கையால் தூக்கினால் எந்தத் தடையும் இல்லாமல் மேலே வரும், விட்டால் விழும். பக்கவாதத்தில் வருவது அடுத்த ரகம். அங்கே தூக்கும் தசை பலவீனமாக இருப்பதோடு கதை முடியாது. ஆடுசதை இறுகிக்கொண்டு குதிகாலை மேலே இழுக்கும், பாதத்தை உள்பக்கமாகவும் திருகும். படுக்கையில் பார்த்தால் இரண்டு பாதங்களும் ஒன்று போலத்தான் தொங்கும். ஒன்றுக்குப் பொருந்தும் ஸ்பிளின்ட் மற்றதற்கு வீண்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கால் மடங்கிய நிலையில், ஒரு கையால் குதிகாலைக் கிண்ணம் போலப் பிடித்துக்கொண்டு, மறு உள்ளங்கையால் பாதத்தை மெதுவாக மேலே தள்ளுங்கள். 90 டிகிரி தாண்டிக் கொஞ்சம் மேலே வருகிறதா? இப்போது முழங்காலை நீட்டி வைத்து அதையே செய்யுங்கள். மடக்கும்போது வந்த பாதம் நீட்டும்போது பாதி வழியில் நின்றுவிட்டால், ஆடுசதையில் மேலாக இருக்கும் தசை குட்டையாகிவிட்டது என்று அர்த்தம். இரண்டு நிலையிலும் வரவில்லை என்றால் ஆழத்தில் உள்ள தசையோ மூட்டோ பிடித்துக்கொண்டிருக்கிறது. நடக்கும்போது முழங்கால் நீண்டுதான் இருக்கும். ஆகவே நீட்டிய நிலையில் கிடைக்கும் அளவுதான் நமக்கு வேண்டியது. பிறகு ஒரே ஒரு முறை, சற்று வேகமாகத் தள்ளிப் பாருங்கள். பாதம் கையில் படபடவென்று துடித்தால் அதை க்ளோனஸ் என்போம்; இறுக்கம் கணிசமாக இருக்கிறது என்று பொருள். வலித்தால் நிறுத்திவிடுங்கள், முரட்டுத்தனமாகத் தள்ள வேண்டாம்.

அப்புறம் ஒரு வீடியோ எடுங்கள். போனை உங்கள் கண் உயரத்தில் பிடிக்காமல் அவருடைய முழங்கால் உயரத்தில் பிடியுங்கள். பக்கவாட்டில் ஒரு முறை, நேர் முன்னால் ஒரு முறை, பத்துப் பத்து அடி போதும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், முழங்கால் தெரியாவிட்டால் வீடியோவால் பயனில்லை. மெதுவாக ஓட்டிப் பார்த்து நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். கால் காற்றில் முன்னே வரும்போது விரல் தரையைத் தட்டுகிறதா? நன்றாக நடப்பவருக்கே விரலுக்கும் தரைக்கும் இடையில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் இடைவெளி, அதனால்தான் நிலைப்படி எமனாக இருக்கிறது. அடுத்து, தரையில் முதலில் படுவது குதிகாலா, முழுப் பாதமா, விரல் பக்கமா, இல்லை பாதத்தின் வெளி விளிம்பா? ஊன்றி நிற்கும்போது பாதம் உள்ளே புரள்கிறதா? கடைசியாக, எல்லோரும் கோட்டைவிடுகிற விஷயம்: ஊன்றும் நேரத்தில் முழங்கால் என்ன செய்கிறது? பின்னால் வில் மாதிரி வளைகிறதா, முன்னால் மடங்குகிறதா? பழைய செருப்பையும் திருப்பிப் பாருங்கள். வெளி விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் பாதம் உள்நோக்கித் திரும்பி, வெளி ஓரத்தில் ஊன்றுகிறது.

இனி ரகங்களுக்கு வருகிறேன். ஒவ்வொன்றும் கணுக்காலில் எந்த அசைவைத் தடுக்கிறது, எதை விட்டுவைக்கிறது என்று பார்த்தால் குழப்பம் வராது. மிக லேசானது, கணுக்காலைச் சுற்றி ஒரு பட்டையும் அதிலிருந்து ஷூவின் கயிற்றுக்கு ஓர் எலாஸ்டிக்கும் உள்ளது. தொளதொளத்த பாதம், மற்றபடி பலமான கால், ஷூ போடும் பழக்கம் ஆகிய மூன்றும் உள்ளவருக்குப் போதும். அடுத்து, நீங்கள் மருந்துக் கடையில் பார்த்தது. பின்பக்கம் ஒடுங்கி, தகடு போல வளைந்து கொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக். லீஃப் ஸ்பிரிங் என்போம். கால் காற்றில் இருக்கும்போது பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும், பக்கவாட்டுத் திருகலைத் தடுக்காது. நரம்பு அடிபட்டுத் தொங்கும் பாதத்துக்கு இது அருமையான பொருள், 1,200 ரூபாயில் காரியம் முடிந்துவிடும். இறுக்கம் உள்ள பாதத்தில் இதைப் போட்டால் பாதம் ஸ்பிளின்டுக்குள்ளேயே திருகிக்கொள்ளும், குதிகால் மேலே ஏறிவிடும், தகடு வளைந்து கொடுத்துவிடும். ‘ஸ்பிளின்ட் போட்டும் பிரயோஜனம் இல்லை’ என்று எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது இதுதான்.

சாலிட் ஏ.எஃப்.ஓ. என்பது கணுக்கால் மொட்டுகளுக்கு முன்னால் வரை பிளாஸ்டிக் வந்து அணைத்துப் பிடிப்பது. கணுக்கால் அசையவே அசையாது. இறுக்கம் அதிகம், பாதம் புரள்கிறது, முழங்காலும் நிலையில்லை என்றால் இதுதான் நம்பகமானது. ஆனால் சரிவில் இறங்க, நாற்காலியில் இருந்து எழ, படியேற எல்லாம் சிரமம், குந்த முடியாது. கணுக்கால் இடத்தில் கீல் வைத்ததும் உண்டு. பாதம் கீழே தொங்குவதைத் தடுத்துவிட்டு, மேலே மடங்குவதை மட்டும் விட்டுவைக்கும். நடை இயல்பாக இருக்கும், எழுந்து உட்காரவும் லகு. ஒரே நிபந்தனை, நான் முன்பு சொன்ன சோதனையில் முழங்கால் நீட்டிய நிலையில் பாதம் 90 டிகிரியைத் தாண்டி மேலே வர வேண்டும். வராத காலுக்குக் கீல் வைத்தால் கணுக்கால் மடங்காது. அதற்குப் பதில் பாதத்தின் நடுப்பகுதி உடைந்தது போல மடங்கிப் பாதம் தட்டையாகிவிடும். முழங்கால் தானாக மடங்கி விழுகிறவருக்கும் கீல் கூடாது. முன்பக்கமாகக் கெண்டை எலும்பைத் தாங்கும் ஒரு ரகமும் உண்டு, மூளை முடக்குவாதக் குழந்தைகள் குனிந்து மடங்கி நடப்பதற்கு. உங்கள் அப்பாவுக்குத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். இரும்புக் கம்பியும் தோல் ஷூவும் சேர்ந்த பழைய காலிப்பரை எல்லோரும் இளக்காரமாகப் பேசுகிறார்கள். கால் வீக்கம் காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு என்று மாறுகிறவருக்கு இன்றைக்கும் நான் அதைத்தான் செய்து கொடுக்கிறேன், பிளாஸ்டிக் மாதிரி அது தோலை ஒட்டி இறுக்காது.

முழங்கால் விஷயத்தில் நான் பட்ட அடியைச் சொல்லியே ஆக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், சிறுவயதில் போலியோ வந்த ஒருவர் வந்தார், நாற்பது வயதிருக்கும். இந்தியாவில் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழும் கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்தத் தலைமுறைக்காரர்கள் இன்னும் எங்களிடம் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர் முன்பாதத்தை ஊன்றி, குதிகால் படாமல் நடந்தார். கையால் தூக்கினால் பாதம் கிட்டத்தட்ட 90 டிகிரிக்கு வந்தது. பாதம் கோணலாக இருக்கிறதே, நேராக்கிக் கொடுப்போம் என்று 90 டிகிரியில் அழகான சாலிட் ஏ.எஃப்.ஓ. ஒன்று செய்தேன். மாட்டிக்கொண்டு கம்பிகளுக்கு நடுவில் முதல் அடி வைத்தார். முழங்கால் படாரென்று மடங்கியது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்ததால் தப்பித்தார். ‘தம்பி, இந்தப் பாதம் கீழ பாத்துக்கிட்டு இருந்ததாலதான் முட்டி நின்னுச்சு. அதை நீ நிமித்திட்ட’ என்றார். நான் படித்த பாடத்தை அவர் இரண்டே வரியில் சொல்லிவிட்டார். தொடைத் தசை செத்தவருக்கு, முன்பாதம் முதலில் ஊன்றுவதால் தரை திருப்பித் தரும் விசை முழங்காலுக்கு முன்னால் போய், முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டி வைக்கிறது. பாதத்தை நிமிர்த்தியதும் அந்தப் பூட்டு திறந்துகொண்டது. மறுபடி அச்செடுத்து, சில டிகிரி கீழ்நோக்கி வைத்து, முன்பாதத் தட்டைக் கடினமாக விட்டுச் செய்து கொடுத்தேன்.

உங்கள் அப்பாவுக்கு இதன் அர்த்தம் என்னவென்றால், கணுக்காலின் கோணத்தை மாற்றினால் முழங்கால் பதில் சொல்லும். வீடியோவில் அவர் முழங்கால் பின்னால் வளைந்தால், பாதத்தைக் கீழே போகவிடாமல் பிடித்து, கெண்டைக்காலைச் சற்று முன்சாய்வாக வைத்தால் வளைவு குறையும். ஊன்றி நிற்கும் நடுக்கட்டத்தில் கெண்டைக்கால் சுமார் 10, 12 டிகிரி முன்னால் சாய்ந்திருப்பது நல்ல தொடக்கப்புள்ளி என்பது எங்கள் துறையில் பரவலாகப் பின்பற்றும் கணக்கு. முழங்கால் முன்னால் மடங்குகிறது என்றால் அதே சாய்வு ஆபத்து. இந்தச் சாய்வை ஸ்பிளின்ட் மட்டும் தீர்மானிப்பதில்லை, செருப்பின் குதி உயரமும் சேர்ந்து தீர்மானிக்கிறது. ஒரு சென்டிமீட்டர் குதி ஏறினாலே முழங்கால் முன்னே போகும். அதனால்தான் ‘எந்தச் செருப்போடு போடப் போகிறீர்கள்’ என்று கேட்காமல் அளவெடுக்கிறவரிடம் எனக்கு மரியாதை குறைவு.

இப்போது உங்கள் மூன்று விலைகள். 1,200 ரூபாய்ப் பொருளை நான் கேவலப்படுத்த மாட்டேன். பாதம் தொளதொளவென்று இருந்து, கையால் எளிதாக 90 டிகிரி தாண்டி வந்து, உள்ளே திருகாமல் இருந்தால் அதையே வாங்குங்கள், மிச்சப் பணத்துக்கு நல்ல ஷூ வாங்கலாம். ஆனால் பக்கவாதம் வந்து 4 மாதம் ஆன காலில் அப்படி இருப்பது குறைவு. கார்பன் ஃபைபர் உண்மையிலேயே நல்ல தொழில்நுட்பம். எடை குறைவு, ஊன்றும்போது வாங்கிய சக்தியை அடி எடுக்கும்போது திருப்பித் தரும். நரம்பு அடிபட்ட, மற்றபடி திடமான, தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் நடக்கிற ஒருவருக்கு 38,000 கொடுக்கலாம். கடுமையான இறுக்கம், நன்றாகத் திருகும் பாதம், ஏறி இறங்கும் வீக்கம், காலில் புண் என இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பொருந்தாது; தயாரிப்பவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். இன்னொன்று, பிளாஸ்டிக்கைச் சூடுகாட்டி அங்கங்கே விரித்துக் கொடுக்கலாம், கார்பனை அப்படிச் செய்ய முடியாது. பக்கவாதத்தில் முதல் ஆறு மாதம்தான் மாற்றம் வேகமாக வரும் காலம். இன்றைக்கு இருக்கும் கால் மூன்று மாதத்தில் இப்படியே இருக்காது. மாற்ற முடியாத பொருளில் இந்த நேரத்தில் பெரிய பணம் போட வேண்டாம் என்பது என் கருத்து.

ஆக, சோதனையில் இறுக்கம் தெரிந்தால் அளவெடுத்துச் செய்வதற்குப் போங்கள். ஆனால் ‘அளவெடுத்து’ என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு போங்கள். டேப் வைத்து நீளம் அகலம் குறித்துக்கொண்டு அனுப்பினால் அது அளவு இல்லை. காலில் உறை போட்டு, எலும்பு முண்டுகளைப் பென்சிலால் குறித்து, மாவுக்கட்டு சுற்றி, அது இறுகும்வரை பாதத்தைச் சரியான கோணத்தில் ஒருவர் கையால் பிடித்திருக்க வேண்டும். ஸ்பிளின்டின் தரம் அந்த ஐந்து நிமிடக் கைப்பிடியில்தான் இருக்கிறது. சில இடங்களில் ஸ்கேனர் வைத்திருக்கிறார்கள், அதிலும் கை பிடித்தாக வேண்டும். பிறகு அந்தக் கட்டுக்குள் மாவு ஊற்றி, காலின் அச்சு எடுத்து, முண்டு வரும் இடத்தில் மாவு ஏற்றி, தாங்க வேண்டிய இடத்தில் செதுக்கி, அதன் மேல் பாலிபுரொப்பிலீன் தகட்டை இழுத்து விடுவோம். வெள்ளையாக அடுப்புக்குள் போகும் தகடு, பதம் வந்ததும் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். அந்த நொடியில் எடுத்துப் போர்த்தி, காற்றை உறிஞ்ச வேண்டும். பெரியவர்களுக்கு 4 அல்லது 5 மில்லிமீட்டர் தகடு. 3 மில்லிமீட்டரில் சாலிட் செய்து கொடுத்தால் இறுகிய கால் அதை வளைத்துவிடும்.

வாங்கும்போது நீங்களே சரிபார்க்கச் சில இடங்கள் உண்டு. மேல் விளிம்பு, நான் சொன்ன அந்த வெளிப்பக்க முண்டுக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும். ஏறி அழுத்தினால் அந்த நரம்பையே நசுக்கும், பாதத்தைத் தூக்கப் போட்ட சாமான் பாதத்தைத் தொங்கவிடும். கணுக்கால் மடிப்பின் மேல் குறுக்காக ஒரு பட்டை இருந்தாக வேண்டும், அதுதான் குதிகாலை உள்ளே உட்கார வைக்கிறது. மேலே மட்டும் ஒரு வெல்க்ரோ வைத்து அனுப்பினால் திருப்பிக் கொடுங்கள். எங்கே உரசுகிறது என்று தெரியாவிட்டால் பழைய வித்தை ஒன்று உண்டு: கணுக்கால் மொட்டில் லிப்ஸ்டிக் தடவி, மாட்டி, நாலு அடி நடக்கவிட்டுக் கழற்றினால் பிளாஸ்டிக்கின் உள்ளே சிவப்பு ஒட்டியிருக்கும். அந்த இடத்தைச் சூடுகாட்டி விரிக்கச் சொல்லுங்கள். செய்பவரிடம் ஆர்.சி.ஐ. பதிவு எண் கேட்பதில் தப்பே இல்லை. இந்த வேலைக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும்.

நம் வீடுகளைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் பேசுவதில்லை. விழுப்புரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, பக்கவாதத்துக்குப் பிறகு ஏ.எஃப்.ஓ. செய்துகொண்டு போனவர், மூன்று மாதம் கழித்து வந்தார். ஸ்பிளின்ட் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. ‘ஆணியில மாட்டி வச்சிருக்கேன் சார், ஆஸ்பத்திரிக்கு வர்றப்ப போட்டுக்குவேன்’ என்றார். விசாரித்தால், ஸ்பிளின்டுக்கு மேல் ஷூ போடச் சொல்லியிருக்கிறோம்; அவர் நாள் முழுக்க இருப்பது சமையல்கட்டிலும் சாமி அறை வாசலிலும். அங்கே செருப்புப் போட மாட்டார். வெறும் பிளாஸ்டிக்கோடு டைல்ஸில் நடந்து ஒரு முறை வழுக்கியதும் கழற்றி மாட்டிவிட்டார். தப்பு அவருடையது இல்லை, எங்களுடையது. தொழுநோயாளிகளின் செருப்புக்கு வேலூர்ப் பக்கம் பல காலமாகப் பயன்படுத்துகிற எம்.சி.ஆர். ரப்பர்த் தகட்டை வெட்டி, ஸ்பிளின்டின் அடியிலேயே ஒட்டி, அவர் செருப்பின் குதி உயரத்துக்குச் சமமாகக் கட்டையும் வைத்துக் கொடுத்தேன். தரையில் பிடித்தது, சத்தமும் வரவில்லை. வெளியே கால் வைக்காத ‘வீட்டுச் செருப்பு’ ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறவர்களும் உண்டு. அப்பா எந்த வகை என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கழிப்பறை இந்திய முறை என்றால் சாலிட் போட்டுக்கொண்டு குந்த முடியாது; அதற்கு மேல் வைக்கும் நாற்காலி ஒன்று வாங்கியாக வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

வெளியே போவதற்கு, குதிகாலுக்குப் பின்பட்டை உள்ள, முன்னால் அகலமாகத் திறந்து வெல்க்ரோவால் மூடும் சாண்டல் அல்லது ஷூ வேண்டும். ஹவாய்ச் செருப்பு கூடவே கூடாது. உள்ளே இருக்கும் மெத்தையை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும், போதாவிட்டால் அந்தக் காலுக்கு ஒரு சைஸ் பெரிதாக வாங்க வேண்டியிருக்கும். ஸ்பிளின்டின் தடிமனால் இடது கால் சற்று நீளமாகிவிடும், ஆகவே வலது செருப்புக்குள் அதே தடிமனில் ஒரு தட்டைப் போடச் சொல்லுங்கள். சின்ன வேலைதான், ஆனால் இடது விரல் தட்டுவது குறையும்.

சோம்பேறியாகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது: பக்கவாதக்காரர்களில் பலருக்கு, பொருத்தமான ஸ்பிளின்டைப் போட்டிருக்கும் நேரத்தில் நடையின் வேகமும் நிதானமும் கூடுகின்றன, இதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கழற்றிய பிறகும், மாதக்கணக்கில், அந்தப் பலன் எவ்வளவு தங்குகிறது என்பதில் அவ்வளவு தெளிவு இல்லை. போட்டதால் தசை செத்துவிட்டது என்பதற்குத் திடமான ஆதாரத்தை நான் பார்த்ததில்லை. தசை பலவீனமானது மூளையில் வந்த பாதிப்பால். ஸ்பிளின்ட் இல்லாமல் பயந்து பயந்து ஐம்பது அடி நடப்பவர் ஸ்பிளின்டோடு ஐந்நூறு அடி நடந்தால், இடுப்புக்கும் தொடைக்கும் கிடைக்கும் பயிற்சி எங்கே அதிகம் என்று நீங்களே பாருங்கள். ஆனால் பாதத்தைத் தானாகத் தூக்கும் அசைவு கொஞ்சமாவது திரும்பிக்கொண்டிருந்தால், தினமும் சில நேரம் பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் கழற்றிவிட்டுப் பயிற்சி செய்வது அவசியம். இரவில் போட்டுத் தூங்கினால் ஆடுசதை இறுகாது என்று நம்பி நாங்கள் நிறையப் பேருக்கு இரவு ஸ்பிளின்ட் செய்து கொடுத்திருக்கிறோம். ஆய்வுகள் அந்த நம்பிக்கைக்குப் பெரிய ஆதரவு தரவில்லை. இப்போது நானாகச் சொல்வதில்லை. மின்சாரத்தால் நரம்பைத் தூண்டிப் பாதத்தைத் தூக்கும் கருவிகளும் இருக்கின்றன. பக்கவாதத்தில் அவை வேலை செய்யும். நரம்பே அறுந்தவருக்குப் பயன்படாது. நடை வேகத்தில் அவை ஏ.எஃப்.ஓ.வை மிஞ்சவில்லை, விலை பல மடங்கு.

சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். உணர்வு குறைந்த காலில் பிளாஸ்டிக் உரசினால் அவருக்கே தெரியாது. புண்ணாகி, கறை பார்த்த பிறகுதான் தெரியும். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் பாதத்தின் பல இடங்களில் தொட்டு, தெரிகிறதா என்று கேளுங்கள். தடுமாறினால் மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் முறையாகச் சோதிக்கச் சொல்லுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போடட்டும். கழற்றியதும் குதிகால், இரண்டு கணுக்கால் மொட்டு, உள்பக்க வளைவின் எலும்பு, சுண்டுவிரல் எலும்பின் அடி என எல்லா இடத்தையும் பாருங்கள். சிவப்பு இருபது, முப்பது நிமிடத்தில் மறைந்தால் சரி, மறுநாள் ஒரு மணி கூட்டலாம். மறையவில்லை என்றால் போடுவதை நிறுத்திவிட்டுச் செய்தவரிடம் போங்கள்; ‘போடப் போடப் பழகிடும்’ என்று அவர் சொன்னால் கேட்காதீர்கள். தையல் இல்லாத, முழங்கால்வரை வரும் பருத்திக் காலுறை போட்டே மாட்ட வேண்டும். நம் வெயிலுக்கு மதியம் ஒரு முறை உறையை மாற்றுவது நல்லது.

எந்த ஸ்பிளின்டாலும் ஆகாத நிலைகளும் உண்டு. கையால் தள்ளினாலும் பாதம் 90 டிகிரிக்கே வரவில்லை என்றால், அதை வலிந்து 90 டிகிரி பிளாஸ்டிக்குள் அடைக்கக் கூடாது. இருக்கிற கோணத்திலேயே செய்து குதிகாலுக்குக் கீழே உயரம் கொடுப்போம், அல்லது முதலில் மருத்துவரிடம் அனுப்புவோம்: ஆடுசதையின் இறுக்கத்தைத் தளர்த்த போட்டாக்ஸ் ஊசி, வாரம் ஒரு முறை மாற்றும் மாவுக்கட்டு, சிலருக்குத் தசைநாணை நீட்டும் அறுவை. எது என்பதைப் புனர்வாழ்வு மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், என் எல்லை அங்கே முடிகிறது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பக்கவாதம் இல்லாமல் திடீரென்று பாதம் தொங்கினால் ஸ்பிளின்ட் கடைக்கு ஓடாதீர்கள். இடுப்பு வலியோடு வந்து, சிறுநீர் போவதிலும் சிக்கல் என்றால் அது அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம். உடம்பில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோய்ப் பரிசோதனை செய்யுங்கள். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், நரம்பு பாதித்த புதிதில் பிடித்துவிட்டால் பாதம் திரும்பி வரவும் வாய்ப்புண்டு.

பணம் தடையாக இருந்தால், சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது, முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யில் இந்தத் துறைக்கென்றே பழைய, நல்ல பிரிவு இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள், முகாம்கள் வழியாகவும் கொடுக்கிறார்கள். முகாமில் வாங்கினால் ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: பொருளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாமல், மாட்டி நடக்கவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவால் வெளியே போக முடியாவிட்டால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். நான் சொன்ன சோதனையை அவரை வைத்தே செய்துவிடலாம்.

நீங்கள் எழுதியதை வைத்து மட்டும் ஊகிப்பதென்றால், அளவெடுத்துச் செய்த, 4 அல்லது 5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கில், கணுக்கால் மொட்டுகளை அணைத்து வரும் சாலிட் ஒன்றுதான் உங்கள் அப்பாவுக்கு என்று தோன்றுகிறது. கீல் வைக்க இடம்விட்டுச் செய்யச் சொல்லுங்கள். இறுக்கம் குறைந்து தசை திரும்பினால் பிறகு வெட்டிக் கீல் போட்டுக்கொள்ளலாம், புதிதாக வாங்க வேண்டியதில்லை. வீடியோவில் பாதம் திருகாமல் வெறுமனே தொங்குகிறது என்று தெரிந்தால் நான் சொன்னது தப்பு, 1,200 ரூபாய்க்காரரே சரி. அளவெடுக்கப் போகும் நாளில் அந்த வீடியோவையும், தேய்ந்த பழைய செருப்பையும், இனிப் போடப்போகும் புதுச் செருப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். காலை நேரத்தில் வீக்கம் வடிந்திருக்கும், மாலையில் ஏறியிருக்கும். அதனால் மதியம் போல் போனால் நல்லது.